கேள்வி–பதில்: கையால் கட்டிய பவர் ஆம்ப்ளிஃபயரும் அதன் சூடும்

கேள்வி: பிட்எக்ஸ்40 என்ற சிறிய ஹாம் ரேடியோவுக்குப் பின்னால் இரண்டு ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் வைத்து புஷ்-புல் (இரண்டும் மாறி மாறி வேலை செய்யும்) ஆம்ப்ளிஃபயர் கட்டியிருக்கிறேன். 13.8 வோல்ட்டில், 7 மெகாஹெர்ட்ஸில் 20 வாட் வருகிறது. ஆனால் சிறிது நேரம் பேசினாலே ஓய்வுக் கரண்ட் (சிக்னல் இல்லாதபோதும் ஓடும் கரண்ட்) தானாக ஏறுகிறது. ஹீட் சிங்க் பெரியதுதான், தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சிங்க் வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதுதான் சந்தேகத்துக்கு இடம். சூடு அங்கே போய்ச் சேரவே இல்லை. அனுப்புவதை நிறுத்திவிட்டு, சப்ளையை அணைத்து, உடனே டிரான்சிஸ்டரின் உலோக முதுகைத் தொட்டுப் பாருங்கள். (ஓடும்போது தொடாதீர்கள். அந்த முதுகு ட்ரெயின், அதாவது வெளியீடு வரும் முனை. அதிலுள்ள ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை மின்சாரம்) தோலைச் சுட்டுவிடும்.) அது கை வைக்க முடியாத சூடாக இருந்தால் குற்றவாளி, முதுகுக்கும் சிங்குக்கும் இடையே மின்சாரம் கடக்காமல் வைக்கும் மைகா வாஷர்தான்.

வாஷரைக் கழற்றிப் பாருங்கள். துளை போட்ட இடத்தில் அலுமினியப் பிசிறு நின்றால் டிரான்சிஸ்டர் ஒட்டி உட்காராது; மைகாவும் கிழியும். பெரிய டிரில் பிட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் பிசிறு போய்விடும். தெர்மல் பேஸ்ட்டை மைகாவின் இரு பக்கமும் மெல்லிசாகத் தடவினால் போதும். அள்ளிப் பூசினால் அதுவே சூட்டுக்குத் தடை. திருகுக்கு நைலான் புஷ் போட்டு மாட்டி, முதுகுக்கும் சிங்குக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே சப்ளை கொடுங்கள்.

அடுத்து பயாஸ், அதாவது கேட் என்ற கட்டுப்பாட்டுக் காலுக்கு நிலையாகக் கொடுக்கும் வோல்டேஜ். ஐஆர்எஃப்510 போன்ற மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர் சூடாகும்போது அது திறக்கத் தேவைப்படும் கேட் வோல்டேஜ் குறைகிறது. நீங்கள் வைத்த பயாஸ் மாறாமல் நிற்பதால் கரண்ட் ஏறுகிறது. கரண்ட் ஏறினால் சூடும் ஏறுகிறது. 5 வோல்ட் ரெகுலேட்டரிலிருந்து வரும் 10 கிலோஓம் பொட்டின் (பயாஸைத் திருகி வைக்கும் ரெசிஸ்டரின்) கீழ்முனையை நேராகக் கிரவுண்டில் கொடுக்காமல், மூன்று 1என்4148 டயோடுகளைத் தொடராக வைத்து அவற்றின் வழியே கொடுங்கள். டயோடுகள் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் சிங்கோடு ஒட்டியிருக்க வேண்டும். பலகையில் தொங்கினால் பயனில்லை. டிரைவ் (உள்ளே வரும் சிக்னல்) இல்லாமல், ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு மாட்டி, ஒரு பக்கத்தை முழுக்கக் குறைத்துவிட்டு மறுபக்கத்தை 80 மில்லி ஆம்பியருக்கு வையுங்கள். பிறகு முதலில் குறைத்த பக்கத்தையும் ஏற்றி, மொத்தம் 160 மில்லி ஆம்பியருக்கு வையுங்கள்.

கேள்வி: சிங்க் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?
– வாசகி, சேலம்

பதில்: 20 வாட் வெளியே வந்தால், திறன் 50 சதவீதம் என்று வைத்தாலும் 20 வாட் சூடாகப் போகிறது, ஒரு டிரான்சிஸ்டருக்கு 10. பெட்டிக்குள் காற்று 45 டிகிரி. சிங்க் வாட்டுக்கு 2 டிகிரி என்றால் அது 85 ஆகும். மைகாவும் பேஸ்ட்டும் சேர்ந்து வாட்டுக்கு சுமார் 1 டிகிரி என்றால் 95. ஐஆர்எஃப்510-க்குள் வாட்டுக்கு 3.5 டிகிரி, ஆக ஜங்ஷன் (உள்ளே இருக்கும் சில்லு) 130. வரம்பு 175 என்பதால் பிழைக்கும், ஆனால் இடைவெளியை இதற்கு மேல் சுருக்கக் கூடாது. எஸ்எஸ்பி-யில் (ஹாம்கள் குரலுக்குப் பயன்படுத்தும் முறை) பேசும்போது சராசரி இதைவிடக் குறைவு. எஃப்டி8 மாதிரி டிஜிட்டல் முறைகளில் முழு பவர் தொடர்ந்து போகும். அதற்கு ஃபேன் வேண்டும். துடுப்புகள் செங்குத்தாக நிற்கட்டும். ஃபேன் காற்று துடுப்புகளுக்கு இடையே ஓட வேண்டும், மூடிமேல் மோதக் கூடாது.

கேள்வி: பிட்எக்ஸ்40-இன் வெளியீட்டை ஆம்ப்ளிஃபயருக்கு நேராகக் கொடுத்தால் ஐஆர்எஃப்510-இன் கேட் அடிக்கடி எரிந்து போகிறது.
– வாசகர், கோவை

பதில்: பிட்எக்ஸ்40 தரும் 7 வாட் என்பது 50 ஓமில் 26 வோல்ட் உச்சம். கேட் தாங்குவது 20 வோல்ட். பயாஸும் சேர்ந்து, பொருத்தமும் கெட்டால் எல்லை தாண்டிவிடும். 6 டெசிபெல் பை (π) வடிவ அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் ரெசிஸ்டர் அமைப்பு) போடுங்கள்: முன்னால் 150 ஓம் 3 வாட், நடுவில் 39 ஓம் 3 வாட், பின்னால் 150 ஓம் 1 வாட். மெட்டல் ஆக்சைடு வகைதான் வேண்டும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் இங்கே ஒரு காயில் (கம்பிச் சுருள்) போல நடந்துகொள்ளும்.

கேள்வி: ஐஆர்எஃப்510-க்குப் பதில் ஆர்டி16எச்எச்எஃப்1 டிரான்சிஸ்டர் போட்டால் மைகா வேண்டாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: வேண்டாம். அதன் முதுகு சோர்ஸ், அதாவது கிரவுண்டுக்குப் போகும் முனை. பேஸ்ட் தடவி நேராகத் திருகலாம், சூடும் நன்றாக இறங்கும். கால் வரிசை மட்டும் மாறும்: ஐஆர்எஃப்510-இல் கேட், ட்ரெயின், சோர்ஸ்; இதில் கேட், சோர்ஸ், ட்ரெயின். பழைய பலகையில் அப்படியே செருகினால் சப்ளை ஷார்ட்.