லால்குடியிலிருந்து கவிதா

கேள்வி: சொந்தமாக இசையமைத்து, கடன் வாங்கிப் பதிவு செய்த நான்கு பாடல்களை ஐந்து மாதமாக எஃப்.எம். நிலையத்துக்கு அனுப்புகிறேன். ஒன்றுகூட ஒலிபரப்பாகவில்லை. நேயர் விருப்பத்தில் என் ஒன்பது வயது மகள் ‘லால்குடியிலிருந்து கவிதா’, ‘துறையூரிலிருந்து ஜெயந்தி’ என்று மாற்றி மாற்றிக் கேட்டும் பலனில்லை. பாடல்களை எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்? யாரைப் பிடிக்க வேண்டும்?
- திருச்சி வாசகர்

பதில்: தம்பி, ‘யாரைப் பிடிக்க வேண்டும்’ என்று கேட்டு எனக்குக் கடிதம் வராத மாதம் இல்லை. மகளைப் பிடித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஒன்பது வயதுக் குழந்தை குரலை மாற்றிப் பேச யாரிடம் கற்றாள்? பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டினீர்களா? நாளை மதிப்பெண் அட்டையில் உங்கள் கையெழுத்தை அவளே போட்டுக்கொண்டால் எந்த வாயால் கண்டிப்பீர்கள்? பெற்றவன் சொல்லிக்கொடுத்த பொய்யைப் பிள்ளை பொய்யென்றே நினைக்காது.

அதுவும் ஒன்றுக்கும் உதவாத பொய். தனியார் எஃப்.எம்.மில் இசைப் பொறுப்பாளர் புதுப் பாடல்களைக் கேட்டுச் சிலவற்றை மட்டும் பட்டியலில் ஏற்றுவார். மென்பொருள் அவற்றை மணிவாரியாக அடுக்கும். புதுப் பாட்டை ஊரறிந்த இரண்டு பாட்டுகளுக்கு நடுவே செருகுவார்கள். இல்லாவிட்டால் ஆட்டோக்காரர் அடுத்த நிலையத்துக்குத் தாவிவிடுவார். அந்தப் பயம் பழையது. 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தார். நேயர்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள். அவர்களைத் திரும்ப இழுக்க 1957-இல் ஆகாசவாணியே சினிமாப் பாட்டு போடும் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. இன்றும் வெளிவரப்போகும் படம், நாயகன் பெயர், பெரிய இசை நிறுவனம் என்று பின்னால் ஏதாவது இருக்கிற பாட்டுதான் முதலில் ஏறுகிறது. உங்களிடம் ஒன்றும் இல்லை. நேயர் விருப்பமும் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குள் அடங்கிய விருப்பம்தான். அதில் இல்லாத பாட்டை ஆயிரம் கவிதாக்கள் கேட்டாலும் போடமாட்டார்கள்.

ஆகாசவாணியின் மெல்லிசைக் குரல் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். பக்கத்தில் சமுதாய வானொலி இருந்தால் நேரில் போங்கள். பாதி நிகழ்ச்சிகளாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது அவற்றுக்கு விதி. காசு கொடுத்தால் போடவைக்கிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கடன்காரருக்கு மாதத் தவணை முதலில். ஐந்தாவது பாட்டு அப்புறம்.

இதற்கெல்லாம் முன்னால் இன்றிரவே மகளை உட்காரவைத்து, ‘அப்பா செய்தது தப்பு’ என்று சொல்லுங்கள். அந்த நான்கு பாட்டில் அவளுக்குப் பிடித்தது எது? இரண்டு பக்கக் கடிதத்தில் அதை நீங்கள் எழுதவே இல்லை. கேட்டீர்களா?