இல்லாத மாணவர்கள், நடக்காத தேர்வு: மகளின் ப்ராஜெக்ட் பற்றி ஒரு தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கும் மகள் "இல்லாத பிள்ளைகளுக்கு, நடக்காத தேர்வுக்கு, கம்ப்யூட்டரில் விடை போட்டுக்கொண்டிருக்கிறாள், இதெல்லாம் ஒரு படிப்பா, வேலை கிடைக்குமா" என்று கேட்டிருந்தீர்கள். வேலையைப் பற்றிய கவலையைவிட, அவள் ஏதோ பொய்க்கணக்கு எழுதுகிறாளோ என்ற பயம்தான் கடிதத்தில் அதிகம் தெரிந்தது. அதை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

ஒரு தேர்வு முடிந்தால் நம் கையில் மிஞ்சுவது யார் எந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதினார் என்ற பட்டியல் மட்டும்தான். அந்தக் கேள்வி எவ்வளவு கடினம், நன்றாகத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் எவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது, குருட்டாம்போக்கில் டிக் அடித்தால் சரியாக வர எவ்வளவு வாய்ப்பு என்ற மூன்றும் கண்ணுக்குத் தெரியாதவை. விடைகளை வைத்துக் கணித்துத்தான் எடுக்க வேண்டும். கணிப்பு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான எண் எங்குமே எழுதிவைக்கப்படவில்லை.

அதனால் உங்கள் மகள் உண்மையான எண்களை முதலில் தானே வைக்கிறாள். 40 கேள்விகள், 1000 மாணவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அந்த மூன்று எண்கள், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு திறன். அவற்றிலிருந்து கணினி விடைகளை உருவாக்குகிறது. பிறகு எண்களை ஒளித்துவைத்துவிட்டு, விடைகளை மட்டும் மென்பொருளிடம் கொடுத்து "கண்டுபிடி" என்கிறாள். முத்திரை குத்திய எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதிக்கிறோமே, அதே வேலை. இதில் பொய் எதுவும் இல்லை.

டென்மார்க்கின் ஜார்ஜ் ராஷ் 1960-இல் முன்வைத்த கணித மாதிரியும், அமெரிக்காவில் ஃபிரெடரிக் லார்டும் ஆலன் பிர்ன்பாமும் வளர்த்த மாதிரிகளும்தான் 'ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி' எனப்படும் இந்தத் துறையின் அஸ்திவாரம். பல நாடுகளின் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பிசா போன்ற சர்வதேச மதிப்பீடுகளில் மதிப்பெண் கணக்கிடுவது இந்த முறையில்தான். நம்மூர் ஜேஇஇ மெயின் பல ஷிப்டுகளை ஒப்பிடப் பயன்படுத்தும் பெர்சென்டைல் வேறு வழி. ஆனால் "வேறு வேறு வினாத்தாள் எழுதியவர்களை எப்படி நியாயமாக ஒப்பிடுவது" என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. பிள்ளைகளின் எதிர்காலம் தொங்கும் கேள்வி அது. அதில் அக்கறை காட்டும் ஒரு பெண்ணை நான் தடுக்க மாட்டேன்.

அடுத்த பத்தியை மகளிடம் காட்டுங்கள்.

அம்மா, கேள்விகளின் கடினத்தன்மையை நார்மல் பரவலிலிருந்து எடுக்கலாம். பிரித்துக்காட்டும் திறன் பொதுவாக நேர்மறையாகவே இருக்க வேண்டும் என்பதால் அதற்கு லாக்நார்மல் பொருந்தும். நான்கு தெரிவுகள் உள்ள கேள்விக்கு ஊகத்தின் அளவை 0.25-ஐ ஒட்டி வை. ஆர் மென்பொருளின் 'மிர்ட்' தொகுப்பில் ஓர் இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். அதில் விடைகளை உருவாக்கித் தரும் சிம்டேட்டா கட்டளை கேட்கும் 'டி' என்பது கடினத்தன்மை இல்லை, வெட்டுத்துண்டு (இன்டர்செப்ட்); அதாவது பிரித்துக்காட்டும் திறனையும் கடினத்தன்மையையும் பெருக்கி மைனஸ் குறி போட்டது. பிரித்துக்காட்டும் திறன் 1.2, கடினத்தன்மை 0.5 என்றால் 'டி' மைனஸ் 0.6. நேராக 0.5 என்று போட்டால், சராசரியைவிடக் கடினமான கேள்வி மைனஸ் 0.42 அளவில் எளிய கேள்வியாகிவிடும். மென்பொருள் எந்தப் பிழையும் காட்டாது. முடிவுகளும் பார்க்க அழகாகவே இருக்கும்! அப்புறம், ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டு நிறுத்தாதே. நூற்றுக்கணக்கில் ஓட்டி, சராசரி விலகலை எழுது. மாணவர் எண்ணிக்கையை 200-க்குக் குறைத்தும் பார். ஊக அளவு எப்படித் தடுமாறுகிறது என்பது தெரியும். உன் அறிக்கையின் உயிர் அங்கேதான் இருக்கும்.

இனி வேலை. ஒளிக்காமல் சொல்கிறேன், ஐயா. 'சைக்கோமெட்ரீஷியன்', அதாவது தேர்வு அளவீட்டு நிபுணர், என்ற பெயரில் இந்தியாவில் வேலைகள் குறைவு. ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஆன்லைன் தேர்வு தயாரிக்கும் நிறுவனங்களில் சில இருக்கின்றன. என்சிஇஆர்டியின் கீழ் 2023-இல் தேசிய மதிப்பீட்டு மையமாக 'பராக்' அமைந்திருப்பதால் இங்கும் தேவை வளரும் என்று நம்புகிறேன். அமெரிக்காவின் பெரிய தேர்வு நிறுவனங்களில் ஆய்வுப் பணிக்குப் பெரும்பாலும் பிஎச்.டி. கேட்பார்கள். ஆனால் இப்படிக் கணினியில் தரவை உருவாக்கிச் சோதிக்கும் சிமுலேஷன் எழுதத் தெரிந்தவளுக்கு அது ஒன்றுதான் வழி என்றில்லை. மருந்துச் சோதனைகளின் புள்ளியியல், வங்கிகளின் கடன் அபாயக் கணக்கு எல்லாவற்றிலும் இதே கைவேலைதான். எனவே ப்ராஜெக்டை மாற்றச் சொல்லாதீர்கள். கூடவே எஸ்ஏஎஸ் என்ற புள்ளியியல் மென்பொருளையும் கற்றுக்கொள்ளட்டும்.

வெளிநாடு போக ஆசைப்பட்டால், சொந்தச் செலவில் இன்னொரு முதுகலைக்காக வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். கல்வி அளவீட்டில் பிஎச்.டி. தரும் மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட், அயோவா போன்ற பல்கலைக்கழகங்களில் உதவித்தொகையோடு இடம் கிடைக்குமா என்று துறைக்கே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சலுடன் இந்த ப்ராஜெக்டின் நிரலையும் அறிக்கையையும் இணைத்து அனுப்பட்டும்.