ஆயிரத்தில் ஒன்றை எண்ணிய கணக்கை நம்பலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் டியூஷன் நிலையம் நடத்துகிறேன். வரம்பற்ற இணையத் திட்டம்தான் வைத்திருக்கிறேன். இரவு எட்டு மணிக்கு வந்த முகவர் ஒருவர் ஒரு மணி நேரம் அளந்து, ஆயிரம் பாக்கெட்டுக்கு (இணையத்தில் தரவு செல்லும் சிறு பொட்டலம்) ஒன்றை எண்ணியதாகக் கூறி, மாதப் பயன்பாட்டு அறிக்கை கொடுத்துப் பெரிய திட்டத்துக்கு மாறச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: அம்மா, ஆயிரத்தில் ஒன்று என்பதைக் கேட்டு மிரள வேண்டாம். ஓடும் பாக்கெட்டுகள் அனைத்தையும் ஆராய்வது பெரும் சுமை என்பதால், பெரிய நிறுவனங்களும் 2001இல் வெளியிடப்பட்ட எஸ்ஃப்ளோ போன்ற முறைகளில் இப்படித்தான் மதிப்பிடுகின்றன. எத்தனைக்கு ஒன்று எடுத்தார்கள் என்பதைவிட, மொத்தம் எத்தனை மாதிரிகள், அதாவது எண்ணப்பட்ட பாக்கெட்டுகள், சேர்ந்தன என்பதே முக்கியம். 10,000 மாதிரிகள் சேர்ந்தால் பிழை ஏறக்குறைய 2 விழுக்காட்டுக்குள் நிற்கும். 100 மட்டுமே என்றால் 20 விழுக்காடு வரை போகும்.

ஆகவே அறிக்கையில், நிறைய பாக்கெட் ஓடும் காணொளியின் கணக்கை நம்பலாம், சிறு பயன்பாடுகளின் கணக்கை நம்பக் கூடாது. விநாடிக்கு 50 பாக்கெட் செல்லும் குரல் அழைப்பு ஐந்து நிமிடம் நீடித்தால் 15,000 பாக்கெட். அதில் அகப்படுபவை ஏறக்குறைய 15 மாதிரிகளே. அப்போது பிழை 50 விழுக்காட்டைத் தொடும். அந்தக் கணக்கைக் காட்டி எவரும் எதையும் விற்கக் கூடாது.

உண்மையான மோசடி நேரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் நிறைந்திருக்கும் ஒரு மணி நேரத்தை அளந்து, அதை முப்பது நாளின் மணிகளான 720ஆல் பெருக்கி மாதக் கணக்கு என்பது, லாரியின் மேலே கிடக்கும் செம்பனைக் குலைகளை மட்டும் பார்த்து முழுச் சுமைக்கும் தரம் போடுவதற்குச் சமம். காலையில் பூட்டிக் கிடக்கும் உங்கள் நிலையம் அந்தக் கணக்கில் எங்கே?

மொத்தப் பயன்பாட்டை அறிய மாதிரியே தேவையில்லை. பல ரூட்டர்களில் ஒவ்வொரு பைட்டையும் எண்ணும் கணக்கு உண்டு. மின்சாரம் தடைபட்டால் அது பூச்சியத்துக்குத் திரும்பக்கூடும் என்பதால், தினமும் நிலையத்தைப் பூட்டும்போது குறித்து வையுங்கள். ஆனால் வரம்பற்ற திட்டத்தில் மாத மொத்தம் எவ்வளவு என்பதே தேவையற்ற கேள்வி. எட்டு மணி நெரிசலில் இணைப்பு தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. அந்நேரத்தில் மடிக்கணினியைக் கேபிளில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். கேபிளில் சரியாக இருந்து வைஃபையில் திணறினால், பழுது சுவரிலும் ரூட்டர் வைத்த இடத்திலும் இருக்கிறது. பெரிய திட்டம் அதைத் தீர்க்காது.

கையொப்பத்துக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுத்து முகவர்களைத் தோட்டப் பட்டணங்களுக்கு அனுப்பிவிட்டு, புகார் வந்தால் கைகழுவும் இந்த ஏற்பாட்டை எத்தனை காலம் பொறுப்பது? அளந்த தேதி, நேரம், மாதிரிகளின் எண்ணிக்கை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். வற்புறுத்தினால் முதலில் நிறுவனத்திடமும், அங்கே தீராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் புகார் செய்யுங்கள்.