தரை தெரியுதேன்னு குளத்துல இறங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தை ஒட்டி நிறைய கேள்வி வந்திருக்கு, பிள்ளைங்களைவிட பெத்தவங்க கேட்டதுதான் அதிகம். நாலு கேள்வியை மட்டும் எடுத்துக்கிட்டேன். முதல் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது, அதனால அதுக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன்.

கேள்வி: லீவுக்கு ஊருக்கு வந்திருக்கோம். 10 வயசுப் பையன் குளத்துல குளிக்கணும்னு ஒரே அடம். தண்ணி தெளிவா இருக்கு, தரையே தெரியுது, அவனுக்கு நெஞ்சளவுதான் வரும்னு மாமனார் சொல்றாரு. இறக்கி விடலாமா சார்? (வாசகி, மன்னார்குடி)

கண்ணால பாத்த ஆழத்தை நம்பி மட்டும் இறக்கி விட்டுடாதீங்கம்மா. தெளிஞ்ச தண்ணிதான் ரொம்ப ஏமாத்தும். குளத்துத் தரையில இருந்து கிளம்புற ஒளி தண்ணியை விட்டு வெளிய காத்துக்கு வரும்போது திசை மாறி வளைஞ்சு வருது, பாடத்துல ஒளிவிலகல்னு படிக்கிறாங்களே அதுதான். ஆனா நம்ம கண்ணுக்கும் மூளைக்கும் அது வளைஞ்சு வந்த விஷயமே தெரியாது, ஒளின்னா நேர்கோட்டுலதான் வந்திருக்கும்னு எடுத்துக்கிட்டு அந்தக் கோட்டை அப்படியே பின்னாடி நீட்டிப் பாக்கும், அதனால தரை இருக்கிற இடத்தைவிட மேல இருக்கிற மாதிரி தெரியும்.

எவ்வளவு மேலன்னு கணக்கும் இருக்கு. தண்ணியோட ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும்னு காட்டுற எண்) 1.33, நிஜ ஆழத்தை இதால வகுத்தா கண்ணுக்குத் தெரியுற ஆழம் கிடைக்கும். நேர் மேல இருந்து பாத்தா நிஜ ஆழத்துல முக்கால் பங்குதான் தெரியும். 4 அடின்னு கண்ணுக்குத் தெரியுற இடம் நிஜத்துல 5 அடி 4 அங்குலம், 10 வயசுப் பையனுக்கு அது தலைக்கு மேல! இதுவும் நேரா குனிஞ்சு பாத்தா மட்டும்தான். படிக்கட்டுல நின்னு சாய்வா பாக்கும்போது (நாம எல்லாரும் அப்படித்தானே பாக்குறோம்) ஆழம் அதைவிடவும் கம்மியா தெரியும்.

பையனுக்கு இதை வீட்டிலேயே காமிங்க. ஒரு கிண்ணத்துல காசைப் போட்டு, காசு விளிம்புக்குப் பின்னாடி மறையுற வரைக்கும் அவனைத் தள்ளி உக்கார வைங்க, தலையை அசைக்காம இருக்கச் சொல்லிட்டு மெதுவா தண்ணி ஊத்துங்க, மறைஞ்ச காசு தானா மேல வந்து தெரியும். குளத்துல ஆழம் பாக்கணும்னா நீளமான கழியைத் தரை தொடுற வரைக்கும் நேரா இறக்கி, வெளிய எடுத்து ஈரம் எவ்வளவு தூரம் ஏறியிருக்குன்னு பாருங்க. தண்ணிக்குள்ள இருக்கும்போது கழியைப் பாத்து அளக்காதீங்க, அதுவும் குட்டையாத்தான் தெரியும். அளந்த பிறகும் நீச்சல் தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர் கூடவே இறங்கணும், பள்ளம் எங்க இருக்கும்னு சொல்ல முடியாது.

கேள்வி: பைக் கண்ணாடியில தூரமா தெரிஞ்ச லாரி திடீர்னு பக்கத்துல வந்துடுச்சு. ஏன்? (கல்லூரி மாணவர், ஓசூர்)

அது குவியாடி தம்பி, வெளிப்பக்கம் புடைச்ச கண்ணாடி. பின்னாடி ரோடு அகலமா தெரியணும்னுதான் அதை வைக்கிறாங்க, ஆனா அகலமா காட்டும்போது பிம்பம் சின்னதாயிடும், சின்னதா தெரிஞ்சா தூரத்துல இருக்குன்னு மனசு முடிவு பண்ணிடும். லேன் மாறுறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாத்துட்டு, ஒரு தடவை தலையையும் திருப்பிப் பாத்துடுங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 9 வயசு, சீட்டுல மைனஸ் 2ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அப்படின்னா என்ன? இந்த வயசுலயே கண்ணாடி போட்டுப் பழகினா பவர் ஏறிக்கிட்டே போகும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. (வாசகர், திண்டுக்கல்)

மைனஸ்னா குழிலென்சு, நடுவுல மெலிசா ஓரத்துல தடிமனா இருக்கும். 2ங்கிறது டையாப்டர் கணக்கு (லென்சோட பவரை அளக்குற அலகு), 1ஐ அந்த எண்ணால வகுத்தா குவியத் தொலைவு மீட்டர்ல கிடைக்கும், அதாவது அரை மீட்டர். இதையே இன்னொரு விதமாவும் புரிஞ்சுக்கலாம்: கண்ணாடி இல்லாம உங்க பொண்ணுக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் வரைக்கும்தான் தெளிவா தெரியும், இதைத்தான் கிட்டப்பார்வைன்னு சொல்றோம். மைனஸ் 4ன்னா 25 சென்டிமீட்டர்தான். இப்ப யோசிச்சுப் பாருங்க, அந்தக் குழந்தைக்குக் கரும்பலகை எப்படித் தெரிஞ்சிருக்கும்? படிப்புல கவனமில்லைன்னு அடி வாங்குற எத்தனையோ பிள்ளைங்களுக்கு நிஜமான பிரச்சனை இதுதான்.

பவர் ஏறுறது கண்ணாடியால இல்லைங்க. கிட்டப்பார்வையில பெரும்பாலும் கண்விழி முன்பின்னா கொஞ்சம் நீண்டு போயிருக்கும், அதனால பிம்பம் விழித்திரைக்கு முன்னாடியே விழுந்துடும், குழிலென்சு ஒளியைக் கொஞ்சம் விரிச்சு அனுப்பி பிம்பத்தைப் பின்னாடி தள்ளுது, அவ்வளவுதான். பிள்ளை வளர வளர கண்ணும் நீளுது, அதான் பவர் மாறுது. போடாம விட்டா குறையாது, பாடம்தான் போகும். டாக்டர் சொன்ன தேதிக்கு மறுபடி கூட்டிட்டுப் போங்க, தினமும் பகல் வெளிச்சத்துல வெளிய விளையாட விடுங்க, அப்படி விளையாடுற பிள்ளைங்களுக்குக் கிட்டப்பார்வை வர்றது குறையுதுன்னு ஆய்வுகள்ல தெரிஞ்சிருக்கு.

கேள்வி: பெரிய டெலஸ்கோப்புல லென்சுக்குப் பதிலா கண்ணாடி வைக்கிறது ஏன்? (பத்தாம் வகுப்பு மாணவி, வாணியம்பாடி)

நல்ல கேள்வி பாப்பா. லென்சுக்குள்ள நுழையுற ஒளி நிறம் நிறமா வேற வேற அளவு வளையும், அதனால நட்சத்திரத்தைச் சுத்தி வண்ண விளிம்பு கட்டும். கண்ணாடியில ஒளி உள்ளயே போறதில்லை, பட்டுத் திரும்புது, அதனால எல்லா நிறமும் ஒரே இடத்துல சேரும். இன்னொன்னு எடை. லென்சை ஓரத்துல மட்டும்தான் பிடிக்க முடியும், பெருசானா தன் பாரத்துலயே தொய்ஞ்சுடும், கண்ணாடியை முதுகுப் பக்கம் முழுசா தாங்கலாம். அமெரிக்காவுல யெர்க்ஸ் வானாய்வகத்துல 1897ல திறந்த 40 அங்குல லென்சு டெலஸ்கோப்தான் வானியல் ஆய்வுக்குப் பயன்பட்ட லென்சு டெலஸ்கோப்புகள்ல இன்னைக்கு வரைக்கும் பெருசு. உன் ஊருக்குப் பக்கத்துலயே ஜவ்வாது மலையில காவலூர் இருக்கு, அங்க 1986ல இருந்து இருக்கிற வைணு பாப்பு டெலஸ்கோப்போட குழியாடி (உள்பக்கம் குழிஞ்ச கண்ணாடி) 2.34 மீட்டர், அந்த 40 அங்குல லென்சைவிட ரெண்டு மடங்குக்கு மேல அகலம். முகம் பாக்குற கண்ணாடிக்குப் பூச்சு பின்பக்கம் இருக்கும், இதுக்கு முன்பக்கமே அலுமினியப் பூச்சு, அது மங்கினா எடுத்துட்டுப் புதுசா பூசுவாங்க. ஸ்கூல்ல டீச்சர்கிட்ட கேட்டு எல்லாருமா ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க.