ஒன்லைனுக்குக் காவல் கிடையாது

கேள்வி: இதுவரை யாரும் சொல்லாத ஒரு கதையை இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தயாரிப்பு நிறுவனங்களுக்குப் போய்ச் சொன்னால் திருடிவிடுவார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிட்டால் பாதுகாப்புதானே?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: இல்லை. இன்ன தேதியில் இந்தப் பிரதி உங்களிடம் இருந்தது என்பதற்குத்தான் அந்தப் பதிவு சாட்சி. ‘ஒன்லைன்’ என்று சினிமாக்காரர்கள் சொல்லும் கதைச்சுருக்கமாக இரண்டு பக்கம் கொடுத்தால் இரண்டு பக்கத்துக்கு மட்டுமே அது சாட்சி சொல்லும்.

கதை சொல்லப் புறப்படும் எவரும் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. தில்லியில் ஒரு பஞ்சாபிக் குடும்பமும் ஒரு மதராசிக் குடும்பமும் வாழ, அவற்றின் பிள்ளைகள் காதலிக்கும் கதையை நாடகமாக எழுதி, மேடையேற்றி, படமெடுப்பவருக்கு முழுவதும் படித்தும் காட்டியவர் அவர். 1956-இல் வெளியான ‘நியூ டெல்லி’ படம் தம் நாடகத்தின் நகல் என்று வழக்குத் தொடுத்தவர், 1978-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றும் தோற்றார். கருத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அவற்றை ஒருவர் வெளிப்படுத்தும் வடிவத்துக்கும் அமைப்புக்கும் மட்டுமே உண்டு என்றது நீதிமன்றம். மாகாணப் பற்று (தம் மாகாணத்தாரே உயர்ந்தவர் என்ற எண்ணம்) என்ற கரு இரண்டிலும் ஒன்றே என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால் படம் அந்தக் கருவை, வெளியூர்க்காரருக்கு வீடு வாடகைக்கு விட மறுப்பது, வரதட்சிணை என்று நாடகம் தொடாத இடங்களுக்குக் கொண்டுபோயிருந்தது. முழு நாடகம் எழுதியவருக்கே இந்தக் கதி என்றால், உங்கள் இரண்டு பக்கத்தை எண்ணிப் பாருங்கள்.

கதையை எழுதாமல் சொல்லிப் பழகுவது நம் திரையுலகத்தின் பழைய வழக்கம். நாயகன் அறிமுகம், இடைவேளை, கிளைமாக்ஸ் மூன்றையும் கண்முன் நிறுத்தத் தெரிந்தவர் அட்வான்ஸ் வாங்கிவிடுகிறார். நடுவில் விட்டதையெல்லாம் கதை விவாதம் நடக்கும் டிஸ்கஷன் அறையில் உதவி இயக்குநர்கள் ஒப்பேற்றுகிறார்கள். (இரண்டாம் பாதி இழுக்கிறது என்று நாங்கள் விமர்சனம் எழுத நேர்வதற்கு, பல நேரங்களில் அந்த அறைதான் காரணம்.) நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அறுபது எழுபது காட்சிகளையும், யார் எதற்காக அங்கே வருகிறார், அவர் வெளியேறும்போது என்ன மாறியிருக்கிறது என்பது விளங்கும்படி வசனத்தோடு எழுதி, பவுண்ட் ஸ்கிரிப்டாக, அதாவது முழுதாக எழுதிக் கட்டிய பிரதியாக, பதிவு செய்யுங்கள். சட்டம் காக்கக்கூடிய பொருள் அப்போதுதான் உங்களிடம் இருக்கும்.

விற்கும்போது ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி, படம் திரையரங்கில் ஓடுவதைத் தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கான ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை, எழுத்தாளர் தாமே விரும்பினாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால், 19-ஆம் பிரிவு அதை 5 ஆண்டு என்றே கொள்ளும். காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது; எனவே ‘நிரந்தரமாக’ என்ற சொல் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். டைட்டில் கார்டில் உங்கள் பெயர் ‘கதை’ என்பதற்கு மட்டும் வருமா, ‘திரைக்கதை’க்கும் வருமா என்பதையும் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் நான்கையும் தம் பெயரிலேயே போட்டுக்கொள்ள விரும்பும் இயக்குநர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.