பதக்கத்தின் பின்பக்கம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மறுமலர்ச்சிக் காலப் பதக்கங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ராஜாக்கள் தங்கள் முகத்தை வெண்கலத்தில் வார்த்துக் கொடுத்தது இன்றைய கட்-அவுட் மாதிரிதானே? விளம்பரத்தை எதற்குக் கலை என்று கொண்டாட வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விளம்பரம்தான், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கட்-அவுட்டை நாம் கேட்காமலேயே அண்ணாந்து பார்க்கிறோம், இதையோ உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். சந்தையில் புழங்கிய காசும் இல்லை இது. அரசர்கள் தூதருக்கும் நண்பருக்கும் அறிஞருக்கும் பரிசாகக் கொடுத்தது.

1438-ல் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசர் எட்டாம் ஜான் பாலயோலோகஸ் இத்தாலியின் பெரரா நகருக்கு வந்தார். பேரரசர் என்று பெயர்தான், மிச்சமிருந்தது தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளும் கொஞ்சம் நிலமும். கிழக்கு, மேற்குத் திருச்சபைகளை இணைத்துவிட்டால் போப்பின் தயவில் ஒட்டோமான் துருக்கியருக்கு எதிராகப் படை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவர். அந்த வருகையை ஒட்டி பிசானெல்லோ என்ற ஓவியர் அவர் உருவத்தில் ஒரு பதக்கம் செய்தார், சுமார் 10 சென்டிமீட்டர் அகலம். முன்பக்கத்தில் கூர்தாடியும் விசித்திரமான உயரத் தொப்பியுமாகப் பக்கவாட்டு முகம், சுற்றிலும் கிரேக்க மொழியில் அவர் பெயரும் பட்டமும். சரி, இதுவரை பழைய ரோமானியக் காசின் வழிதான்.

அப்புறம் திருப்புங்கள். அதே பேரரசர் குதிரை மேல் இருந்தபடி, வழியோரச் சிலுவை ஒன்றின் முன் கைகூப்புகிறார். சுற்றிலும் பாறை. பக்கத்தில் ஒரு பணியாள் பையன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான், அவன் குதிரையின் பின்புறம்தான் நமக்குத் தெரிகிறது. கைதிகளும் வெற்றித் தேரும் கிடையாது. உதவி கேட்டு வந்தவரின் களைப்பை மறைக்காமல், மிடுக்கையும் குறைக்காமல் உள்ளங்கை அளவுக்குள் கொண்டுவந்துவிட்டார் பிசானெல்லோ. வெறும் புகழ்ச்சிதான் நோக்கம் என்றால் அந்தப் பையனுக்கு அங்கே வேலையே இல்லையே! எனக்கு அவன்தான் அந்தப் பதக்கத்தின் உயிர்.

ஜான் 1448-ல் இறந்தார், 1453-ல் கான்ஸ்டான்டிநோபிள் ஒட்டோமான்களிடம் விழுந்தது. அதைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மதும் பிற்பாடு இத்தாலியக் கலைஞர்களிடம் பதக்கம் செய்துகொண்டார். கோஸ்டான்ஸோ என்பவர் செய்ததில் பின்பக்கம் சுல்தான், குதிரை மேல்.

உங்கள் கோபம் சரியாகப் பொருந்துகிற இடம் பதினான்காம் லூயியின் பிரான்ஸ். 1663-ல் அவருடைய அமைச்சர் கோல்பேர் அமைத்த சிறு அறிஞர் குழு ஒன்று மன்னரின் பதக்கங்களுக்கு வாசகமும் உருவமும் யோசித்துக் கொடுத்தது. 1702-ல் 286 பதக்கங்களைத் தொகுத்துப் பெரிய புத்தகமாகவே போட்டார்கள். 1685-ல் புராட்டஸ்டன்டுகளின் வழிபாட்டு உரிமையைப் பறித்ததற்கும் பதக்கம் உண்டு, 20 லட்சம் கால்வினியர்கள் (பிரான்சின் புராட்டஸ்டன்டுகள்) கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பிவிட்டதாக. அன்று பிரான்சில் அதில் பாதிப் பேர்கூட இல்லை. வேலைப்பாடு அருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை என்னால் ஒருநாளும் நேசிக்க முடிந்ததில்லை.

அதே மனநிலையில் பிசானெல்லோவையும் தள்ளிவிடாதீர்கள். இணையத்தில் தேடினால் பெரும்பாலும் அந்தத் தொப்பி முகம்தான் முதலில் வரும். பின்பக்கப் படத்தையும் தேடிப் பிடித்து, பெரிதாக்கி, அந்தப் பையனைப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.