வாசகர் கேள்வி – பதில்: பந்தயத்தில் ஓடிய கார் விலைக்கு வந்தால்

கேள்வி: மதுரை கே.புதூரில் வாகனப் பட்டறை நடத்தி வருகிறேன். நீண்ட நேரப் பந்தயங்களில் ஓடிய 2015-ஆம் ஆண்டு போர்ஷே 911 ஜிடி3 கப் கார் ஒன்றை, 'முற்றிலும் புதுப்பிக்கப்பட்டது' என்று சொல்லி ஜெர்மனியில் ஒருவர் விற்பனைக்கு வைத்திருக்கிறார். விலையும் எட்டாத உயரத்தில் இல்லை. நானும் என் மைத்துனரும் சேர்ந்து இதை வாங்கி, இங்கே பதிவு செய்து, ரிங் ரோட்டில் ஓட்ட முடியுமா?

பதில்: முடியாது. தங்கள் திட்டம் முழுவதும் இந்த ஒன்றை நம்பியே போடப்பட்டிருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காரின் பின்புறம் இருப்பது 3.8 லிட்டர் கொள்ளளவும் 460 குதிரைத்திறனும் கொண்ட ஆறு சிலிண்டர் இன்ஜின். தொழிற்சாலையிலேயே பந்தயத் தளத்துக்கு மட்டும் என்று செய்யப்பட்ட வண்டி அது. சாலையில் ஓட்டத் தகுதிச் சான்று கிடையாது. சான்று இல்லாததை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பதிவு செய்யாது; பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு தடை செய்கிறது. மாநில அரசின் அனுமதியின்றிச் சாலையில் வேகப் போட்டி நடத்துவது 189-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம்.

பதிவை விடுங்கள், இறக்குமதியே நடக்காது. வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கார் தயாரிக்கப்பட்டு மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும் என்பவை நம் நாட்டு விதிகள். தாங்கள் சொல்லும் வண்டி வயதிலும் தேறாது, ஸ்டியரிங்கிலும் தேறாது. போட்டிக்கென்று தற்காலிகமாகக் கொண்டுவந்து திருப்பி அனுப்புவதற்குக் 'கார்னே' என்றொரு சுங்க ஆவணம் உண்டு. ஆனால் அது வண்டியைச் சொந்தமாக இங்கேயே வைத்துக்கொள்ள உதவாது.

வாங்கியே தீர வேண்டும் என்றால் வண்டியை ஐரோப்பாவிலேயே ஓர் அணியின் கொட்டகையில் விட்டுவைத்து, போட்டி நாளில் தாங்கள் போய் ஓட்டுவதே நடக்கக்கூடிய வழி. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அங்கும் ஐரோப்பிய அணியின் துணையோடுதான் கார் களமிறங்கியது. அந்த அளவுக்குக் கைப்பணம் இல்லையென்றால், மதுரையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே ஓடும் ஸ்விஃப்ட் இன்ஜின் பொருத்திய, ஒற்றை இருக்கை கொண்ட எல்.ஜி.பி. ஃபார்முலா 4 பந்தயக் கார் தங்கள் பட்டறைக்கும் பழகிய சரக்குதான். அதையே முதலில் வாங்குங்கள் என்பேன்.

கேள்வி: பந்தயக் காரை விற்பவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சொல்லாமல், இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்வது ஏன்? 'புதுப்பித்தது' என்றால் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? (பாலிடெக்னிக் மாணவர், திருமங்கலம்)

பதில்: பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 2010-ஆம் ஆண்டு வென்ற ஆடி கார் ஒரே நாளில் 5,410 கிலோமீட்டர் ஓடியது. நம் வீட்டுக் கார்கள் பலவற்றுக்கு அது பல மாத ஓட்டம். ஆனால் அந்த வண்டியின் இன்ஜின் அத்தனை தூரத்தையும் முழு வேகத்தில், ஓய்வில்லாமல் கடந்தது. ஆகவே தூரத்தை வைத்துத் தேய்மானத்தைச் சொல்ல முடியாது. இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தயாரிப்பாளரே வரையறுத்திருப்பார். விற்பவர் 'பூஜ்ய மணி நேரம்', அதாவது புதுப்பித்த பின் ஓடவே இல்லை, என்று எழுதியிருந்தால், பிரித்தவர் யார், மாற்றிய பாகங்கள் எவை, அவற்றுக்கு ரசீது எங்கே என்ற மூன்றையும் கேட்க வேண்டும். கியர் பாக்ஸைப் பற்றி அவர் பேசாமலே விட்டிருந்தால் அங்கேதான் செலவு காத்திருக்கிறது என்று கொள்ளலாம். பந்தயக் கியர்கள் பல்லோடு பல் மோதி மாறுபவை, அவற்றின் முனை மழுங்குவது இயல்பு.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை. இங்கே பல்லுக்குப் பதிலாகத் தேதிகளைப் பார்க்க வேண்டும். ஓட்டுநரைக் கட்டும் வார்கள், ரப்பர் பை போன்ற எரிபொருள் தொட்டி ஆகிய இரண்டுக்கும் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. ஐந்து ஆண்டு ஆயுள் வைத்திருக்கிறது; அவரது இருக்கைக்கு அதன் தரத்தைப் பொறுத்து ஐந்து அல்லது பத்து ஆண்டு. எரிபொருள் பையை மறு சோதனைக்குப் பின் இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம். ஒரு நாள்கூடப் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் காலாவதியானது காலாவதியானதுதான். போட்டிக்கு முந்தைய பரிசோதனையில் அதிகாரி முதலில் தேடுவது, இவற்றின் மேல் தேதி அச்சிட்டு ஒட்டிய சீட்டுகளைத்தான்.

அதன் பின் விரிசல். பாதுகாப்புக் குழாய்க் கூண்டின் பற்றவைப்புகள், சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள், ரிம் ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத கீறலை, நிறமூட்டிய திரவத்தைப் பூசிக் கண்டுபிடிக்கும் முறை உண்டு. அதைத் தாங்கள் கல்லூரிப் பட்டறையிலேயே பார்த்திருக்கக் கூடும். புதிய பெயின்ட் அடித்த கூண்டில் இந்தச் சோதனை செய்ய முடியாது என்பதால், பளபளப்பான கூண்டைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே முந்திக்கொள்கிறது. கார்பன் இழைப் பாகங்களுக்கு ஒலியலைச் சோதனை வேண்டும்.

எவரும் கேட்க மறப்பது ஒன்று உண்டு: இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியோடு பேசுவதற்கான மென்பொருளும், அது ஓடக்கூடிய பழைய மடிக்கணினியும், இணைப்புக் கம்பியும். இவை வண்டியோடு வராவிட்டால், கோளாறு எங்கே என்று அறியவே வழியிருக்காது. உதிரி ரிம்களும் வண்டியைத் தூக்கும் காற்று ஜாக்குக்கான குழாயும் விலைக்குள் சேருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இன்ஜின், கதவு, கூரை என்று எல்லாவற்றையும் மாற்றிய பிறகு, பந்தயத்தில் ஓடிய அதே கார் இது என்று எப்படி நம்புவது? (மேலூர் வாசகர்)

பதில்: இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ் காருக்கு 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர். 1932-இல் ப்ரூக்லாண்ட்ஸ் தளத்தில் நடந்த விபத்தில் அதை ஓட்டியவர் இறந்தார், வண்டி சிதைந்தது. மீண்டும் கட்டப்பட்டு, உருவமே மாறி, பல கை மாறியது. பின்னாளில் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசப்பட்டபோது, இது அசல் கார் அல்ல என்று சொல்லி வாங்குபவர் பின்வாங்கினார். 1990-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம், 1929-இல் இருந்த பாகங்களில் மிகச் சிலவே மிஞ்சியிருந்தாலும், அறுபடாத வரலாறு அந்த வண்டிக்கு இருப்பதால் அது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு சரியா என்பதில் ரசிகர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு அது சரியாகவே படுகிறது, ஏனெனில் ஓடிக்கொண்டிருக்கும் பந்தயக் காரில் பாகம் மாறாமல் இருந்தால்தான் வியப்பு. வாங்குபவருக்கு அதில் உள்ள பயன் வேறு. வண்டியின் சட்டகத்துக்கு உரிய சேஸிஸ் எண் எந்தப் போட்டியில், எந்த அணியின் பெயரில், எந்த ஆண்டில் பதிவானது என்ற வரிசை எங்கும் அறுந்திருக்கக் கூடாது. விபத்துக்குப் பின் நொறுங்கிய கூட்டை ஒருவரும், எண் பொறித்த தகட்டை இன்னொருவரும் எடுத்துச் சென்று, ஒரே எண்ணில் இரண்டு கார்கள் விற்பனைக்கு வந்த வழக்குகள் பழைய பந்தயக் கார்ச் சந்தைக்குப் புதிதல்ல. எனவே போட்டி அமைப்பாளர்கள் வெளியிட்ட பட்டியல்களையும் அந்நாளைய புகைப்படங்களையும் விற்பவர் தரும் ஆவணங்களோடு பொருத்திப் பார்க்க, அந்த நாட்டிலேயே உள்ள ஒரு மதிப்பீட்டாளருக்குக் கூலி கொடுங்கள். முன்பணம் அனுப்புவதை அவருடைய அறிக்கை வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.